வயதா, வெயிலா, மாத்திரையா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கும் எனக்கு வயது 56. இரத்த அழுத்தத்துக்காக அம்லோடிபின், இண்டபமைட் ஆகிய மாத்திரைகளை எடுத்து வருகிறேன். 2025 ஜூனில் மகளுடனும் அவளுடைய தோழிகளுடனும் கிளாஸ்டன்பரி இசை விழாவுக்குச் சென்று நான்கு இரவுகள் கூடாரத்தில் தங்கினேன். சுற்றிலும் இருபது வயதுப் பிள்ளைகள். கழிப்பறை வரிசைக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன். சனிக்கிழமை பிற்பகல் புல்தரையிலிருந்து எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாலைக்குள் இரு கணுக்கால்களும் வீங்கின. வீடு திரும்பிய பிறகும் இரண்டு நாட்கள் காதில் இரைச்சல் கேட்டது. "அங்கிள், நீங்க உட்காருங்க" என்று அந்தப் பிள்ளைகள் நாற்காலியை நகர்த்தியபோது கிழவனாகிவிட்டேன் என்றே தோன்றியது. மகள் மறுபடியும் அழைக்கிறாள். இனிப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். விழா நடக்கும் பண்ணை நிலத்துக்கு 2026 ஓய்வாண்டு, அந்த ஆண்டு விழா இல்லை என்பதால் 2027 வரை உங்களுக்கு அவகாசமும் இருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பவற்றுள் வயதின் கணக்கில் சேர வேண்டியது கொஞ்சம்தான். எல்லாவற்றையும் 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்கினால், எளிதில் சரிசெய்யக்கூடியவையும் கவனிக்கப்படாமல் போகும்.

முதலில் கண் இருட்டியதைப் பார்ப்போம். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. உடனே இரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் சற்று வேகமாகத் துடித்தால்தான் மூளைக்குப் போதிய இரத்தம் சென்று சேரும். அம்லோடிபின் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, இண்டபமைட் உப்பையும் நீரையும் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது, வெயிலும் தன் பங்குக்குத் தோலின் குழாய்களை விரித்து வியர்வையை வடியவிடுகிறது; இவை போதாதென்று நீங்கள் தண்ணீரையும் குறைத்திருக்கிறீர்கள். இந்த நான்கும் சேர்ந்தால் இருபது வயதுக்காரருக்கும் தலை சுற்றும். வயதின் பங்கு என்னவென்றால், தாக உணர்வு மெல்ல மங்கிவருவதுதான்; ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்தபடியும் எழுந்து நின்றபடியும் அழுத்தத்தை அளந்து குறித்துக்கொண்டு போய், கடும் வெயில் நாட்களில் இண்டபமைட்டை என்ன செய்வது என்று உங்கள் ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) கேளுங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ, வெயிலில் பேச்சு குழறிப் புத்தி தடுமாறினாலோ மருத்துவ உதவியை உடனே நாட வேண்டும்.

கணுக்கால் வீக்கம் அம்லோடிபினின் நன்கறிந்த பக்கவிளைவு; நாள் முழுதும் நின்றது அதைக் கூட்டியிருக்கும். இரு கால்களிலும் சமமாக வீங்கி, காலை உயர்த்தி வைத்தால் வற்றிவிடுமானால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதையும் வலித்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும், அன்றே காட்டுங்கள்.

கிழவனாகிவிட்ட உணர்வைப் பொறுத்தவரை, கிளாஸ்டன்பரி இருக்கும் சோமர்செட்டில் ஜூன் மாதம் காலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது விடிந்து கூடாரத் துணிக்குள் வெளிச்சம் வந்துவிடும். அதற்குச் சில மணி நேரம் முன்புவரை பாட்டுச் சத்தம் ஓய்ந்திருக்காது. இரண்டு இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டுமே தூங்க அனுமதிக்கப்பட்டவர்கள், தாங்கள் சராசரியாக 4 ஆண்டுகளுக்கும் மேல் மூத்துவிட்டதாக உணர்ந்தார்கள் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நீங்கள் நான்கு இரவுகள் அங்கே கழித்திருக்கிறீர்கள். கண்ணை மூடும் பட்டையும் ஒரு நல்ல மெத்தையும் இந்த மூப்பில் கணிசமான பகுதியைக் குறைத்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை விழாவின் முதன்மை மேடையான பிரமிட் மேடையில் பாடிய ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட்டுக்கு வயது 80 என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பிள்ளைகள் நாற்காலி தந்தது நம் வீடுகளில் வளர்ந்த மரியாதை. அதை நோயறிகுறிகளின் பட்டியலில் நான் சேர்ப்பதாக இல்லை.

நான் உண்மையில் கவலைப்படுவது காதைப் பற்றித்தான். உள்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் கிடைக்கும். ஒலிபெருக்கிகளின் அருகே அது இரண்டு மூன்று பாட்டுகளிலேயே தீர்ந்துவிடும். இரண்டு நாட்களில் இரைச்சல் அடங்கியது நல்லதுதான் என்றாலும், செல்கள் களைத்துப்போனதன் அடையாளம் அது. மீண்டும் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்டுங்கள். ஒரு காது திடீரென மந்தமானால் அன்றே செல்லுங்கள், ஏனெனில் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும். கூட்டத்தில் பேச்சு பிடிபடாமல் 'என்ன, என்ன' என்று கேட்கிறீர்களா என்பதை வீட்டாரிடம் விசாரியுங்கள். ஆம் என்றால் இப்போதே கேட்புத்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். பாட்டைக் கெடுக்காமல் ஒலியளவை மட்டும் குறைக்கும், இசைக் கலைஞர்கள் அணியும் வகைக் காதடைப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை மகளுக்கும் சேர்த்து வாங்குங்கள். அவளுடைய உள்காதுச் செல்களும் மீண்டும் முளைக்கப் போவதில்லை.