மாறியும் கருதுகோளும் மனத்தில் ஏற, வரையறையை மூடிவைத்துவிட்டு வாக்குச்சாவடிக்குப் போங்கள்

கேள்வி: ஊத்தங்கரையிலிருந்து வந்து பி.ஏ. அரசியல் அறிவியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வு முறைகள் தாளில் மாறி, கருதுகோள் இரண்டும் பிடிபடவில்லை. வரையறையை ஒப்பித்துவிடுகிறேன். ஒரு தலைப்பைக் கொடுத்துக் கருதுகோள் எழுதச் சொன்னால் பேனா நகர மறுக்கிறது. எப்படிப் படிப்பது?

பதில்:

தர்மபுரியில் ஒரு கல்லூரியில் இதே தாளை நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் பிள்ளைகள் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். படிப்பில் குறை இல்லை. பாடம் வரையறையிலிருந்து தொடங்குவதுதான் சிக்கல். 'ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகளை ஏற்கக்கூடியது மாறி' என்று படித்தால் தலையாட்ட முடியும், எழுத முடியாது. எழுதுவதற்கு முதலில் ஒரு வேறுபாடு கண்ணில் பட வேண்டும். இங்கே இப்படி இருக்கிறதே, அங்கே ஏன் அப்படி இல்லை என்று மனம் உறுத்த வேண்டும். அந்த உறுத்தல் வந்துவிட்டால் மாறிகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

அப்படி உறுத்தக்கூடிய ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு தர்மபுரித் தொகுதியில், 81 சதவீதத்துக்கு மேல். மிகக் குறைவு மத்திய சென்னையில், ஏறக்குறைய 54 சதவீதம். படிப்பு, வருமானம், பேருந்து வசதி, வாக்குச்சாவடிக்கு நடக்க வேண்டிய தூரம் என்று எதை எடுத்தாலும் சென்னைக்காரருக்கே வசதி அதிகம். அப்படியானால் மலையடிவார ஊர்களில் வெயிலில் வரிசை நிற்க, மாநகரத்தில் ஏன் பாதிப் பேர் வீட்டில் இருக்கிறார்கள்?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'தர்மபுரியில் வாக்குப்பதிவு அதிகம்' என்பது ஒரு செய்தி. மாறி என்பது 'வாக்குப்பதிவு சதவீதம்'. அது தர்மபுரியில் ஒரு மதிப்பையும் மத்திய சென்னையில் இன்னொரு மதிப்பையும் கொள்கிறது. நாம் விளக்க விரும்புவது அதைத்தான் என்பதால் அது சார்ந்த மாறி. தர்மபுரியை மட்டும், 2024ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கையில் ஒரே ஓர் எண்தான் இருக்கும். அங்கே எதுவும் மாறவில்லை, விளக்கவும் எதுவும் இல்லை. 'தர்மபுரி மக்களின் அரசியல் விழிப்புணர்வு' என்று பிள்ளைகள் ஆய்வுத் தலைப்பு எழுதிக்கொண்டு வரும்போது நான் திருப்பிக் கொடுப்பது இதனால்தான். பல ஊர்கள் வேண்டும், அல்லது பல தேர்தல்கள் வேண்டும்.

வகுப்பில் காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சாதிக் கட்சிப் பற்று, போட்டி கடுமை, கிராமத்தில் யார் ஓட்டுப் போடவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்கிற கூச்சம். ஒவ்வொன்றும் ஒரு சாரா மாறி, அதாவது காரணமாக வைத்துப் பார்க்கும் மாறி, ஆகலாம். ஆகலாம் என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் எண்ணவோ தரம் பிரிக்கவோ ஒரு வழி சொன்னால்தான் அது ஆய்வுக்குள் வரும். 'விழிப்புணர்வு' என்ற சொல் இங்கே விழுந்துவிடுகிறது. 'போட்டியின் நெருக்கம்' நிற்கிறது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள வாக்கு வித்தியாசத்தை வைத்து அளக்கலாம். 2024இல் தர்மபுரியில் அந்த வித்தியாசம் சுமார் 21 ஆயிரம். மத்திய சென்னையில் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல். அடடா, பொருந்திவிட்டது என்று தோன்றும். பொறுங்கள். வித்தியாசம் தெரிந்தது வாக்கு எண்ணிய பிறகு. மக்கள் வரிசையில் நின்றது அதற்கு முன்பு. பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது. வாக்காளர் மனத்தில் இருந்த நெருக்கத்தை அளக்க வேண்டுமென்றால் 2019 வித்தியாசத்தை எடுக்கலாம் (அப்போது தர்மபுரியில் சுமார் 70 ஆயிரம்), அல்லது பிரச்சாரக் காலத்தில் மக்களையே கேட்கலாம். காரணம் காலத்தால் முந்தியிருக்க வேண்டும் என்று பாடத்தில் வருகிற வரிக்கு இதுதான் பொருள்.

இனி கருதுகோள். ஒரு வகுப்பில் கரும்பலகையில் நடந்ததை அப்படியே தருகிறேன். முதலில் ஒரு மாணவர் எழுதியது: 'வெளியூர் வேலை வாக்குப்பதிவைப் பாதிக்கிறது.' எந்தப் பக்கம் பாதிக்கிறது? கூடினாலும் இந்த வாக்கியம் சரி, குறைந்தாலும் சரி. எது நடந்தாலும் தப்பித்துக்கொள்ளும் வாக்கியத்தை வைத்து எதையும் சோதிக்க முடியாது. தோற்கக்கூடிய வாக்கியமே அறிவியலுக்குப் பயன்படும் என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் வாதாடியதை இந்த இடத்தில்தான் சொல்வேன். அடுத்து எழுதியது: 'வெளியூர் வேலைக்குச் சென்றவர்கள் அதிகமுள்ள ஊர்களில் வாக்குப்பதிவு குறையும்.' திசை வந்துவிட்டது. எந்த ஊர்கள், 'அதிகம்' என்றால் எவ்வளவு என்பது வரவில்லை. மூன்றாவது முறை இப்படி அமைந்தது: 'தர்மபுரி மாவட்ட ஊராட்சிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், வெளியூர் வேலைக்குச் சென்ற உறுப்பினர் உள்ள குடும்பங்களின் விகிதம் கூடக்கூட, வாக்குப்பதிவு சதவீதம் குறையும்.' ஆய்வு அலகு, அதாவது நாம் ஒன்றோடொன்று ஒப்பிடுவது, ஊராட்சி. இரண்டு மாறிகள், அவற்றுக்கு அளவு, உறவுக்குத் திசை. அவ்வளவுதான் கருதுகோள்.

ஆனால் பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருவர் எழுந்து மறுத்தார். "எங்கள் ஊரில் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறவர்கள் பண்டிகைக்கு வராவிட்டாலும் ஓட்டுக்கு வந்துவிடுவார்கள், சார்" என்றார். வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. எனக்கு அந்த நிமிடம் மிகவும் பிடிக்கும். மாறிகள் பாடம் அங்கேதான் உயிர் பெறுகிறது. ஏன் வருகிறார்கள் என்று கேட்டேன். பெங்களூர் பக்கம், ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் ஊர் என்றார். அப்படியென்றால் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போனவர்கள்? யோசித்துவிட்டு, "அவ்வளவாக வருவதில்லை" என்றார். அதோ இன்னொரு கருதுகோள்: வெளியூர் போனதைவிட, எவ்வளவு தூரம் போனார்கள் என்பதே வாக்குப்பதிவை நிர்ணயிக்கும். முன்னதோடு போட்டியிடும் கருதுகோள் இது. ஊராட்சிகளின் அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்த்தால் இரண்டையும் சோதித்துவிடலாம்.

'ஏன்' என்பதற்கான இந்தப் பதிலைத்தான் கோட்பாடு என்கிறோம். வாக்களிப்பதற்கு ஒரு செலவு உண்டு, ஒரு வாக்கால் முடிவு மாறும் வாய்ப்போ மிகச் சிறியது, பிறகு ஏன் மக்கள் வாக்களிக்கிறார்கள் என்ற புதிரை 1957இல் பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் எழுப்பினார். 1968இல் அரசியல் அறிவியலாளர்கள் ரைக்கரும் ஆர்டெஷூக்கும் அந்தக் கணக்கில் கடமையுணர்வு என்ற ஓர் உறுப்பைச் சேர்த்தார்கள். நம் ஊர்க் கட்டடத் தொழிலாளியை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 2024இல் நமக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. பெங்களூருக்கு ஏப்ரல் 26. நாம் ஓட்டுப் போட்ட அன்று அந்த நகரத்துக்கு அது வழக்கமான வேலைநாள். தினக்கூலிக்காரர் கூலியை விட்டு, பஸ் கட்டணம் கொடுத்து, ஊர் வந்து திரும்பியிருக்கிறார். செலவு இவ்வளவு இருந்தும் வந்தார் என்றால், அவரை இழுத்தது எது? ஊரார் போன் போட்டுக் கூப்பிட்டதா, பட்டியலிலிருந்து பெயர் போய்விடுமோ என்ற பயமா, கட்சிப் பிடிப்பா? காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் நிற்கும் இவைதான் இடையீட்டு மாறிகள். ஊர் ஊராகப் போய்க் கேட்டால் அறியக்கூடியவை. நான் அறிந்தவரை, நம் மாவட்டத்து மாணவர்கள் செய்யத்தக்க ஆய்வுகளில் இதைவிடப் பெறுமதியானது இல்லை.

இதற்குள் போவதற்கு முன் இன்னொரு கேள்வியைத் தாண்ட வேண்டும். அந்த 81க்கும் 54க்கும் உள்ள வித்தியாசம் முழுக்க உண்மைதானா? வாக்குப்பதிவு சதவீதம் என்பது பதிவான வாக்குகளைப் பட்டியலில் உள்ள பெயர்களால் வகுத்து வருவது. சென்னையில் வாடகை வீடு மாறியவர், வேறு நகரம் போனவர், இறந்தவர் பெயரெல்லாம் பட்டியலில் தங்கியிருந்தால் வகுக்கும் எண் வீங்கும், சதவீதம் சரியும். 2025 டிசம்பரில் வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை; அவற்றில் சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். நீக்கம் எல்லாம் சரியா என்பது தனி விவாதம். நமக்கு வேண்டியது இதுதான்: சென்னைக்காரரின் சோம்பல் என்று நாம் எண்ணியதில் ஒரு பங்கு பட்டியலின் பழுதாக இருக்கலாம். மக்கள் அதிகம் இடம் மாறாத மாவட்டத்தையும் ஓயாமல் இடம் மாறும் மாநகரத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கும்போது அளவுகோலே வேறுவேறாக நடந்துகொள்கிறது. சார்ந்த மாறியை அளக்கும் விதத்தைச் சரிபார்க்காமல் காரணம் தேடப் புறப்படுவது வீண் அலைச்சல்.

இந்தச் சிக்கலைக் குறைக்க ஒரு வழி, தொலைவில் உள்ள சென்னையை விட்டுவிட்டு ஒரே மாவட்டத்துக்குள் ஒப்பிடுவது. உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டமே நல்ல களம். தொழிற்சாலைகளும் வெளியாட்களும் நிறைந்த ஓசூரில் 2021 சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு மாவட்டத்தின் மற்ற தொகுதிகளைவிடக் குறைவு. பக்கத்திலேயே இருக்கும் வேப்பனப்பள்ளியில் அதிகம். ஒரே மாவட்ட நிர்வாகம், ஒரே நாள், ஒரே வெயில். வேறுபடாமல் இருப்பவை எல்லாம் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. மீதமுள்ள வேறுபாடுகளில் காரணத்தைத் தேடலாம்.

டீக்கடையில் எல்லாரும் சொல்வதைக் கருதுகோளாக எழுதும்போது ஒரு குழி இருக்கிறது. 'இந்தச் சமூகத்தார் அதிகமுள்ள சாவடிகளில் இந்தக் கட்சிக்கு வாக்கு அதிகம்; ஆகவே இந்தச் சமூகத்தார் இந்தக் கட்சிக்கே போடுகிறார்கள்.' முதல் பாதி சாவடிகளைப் பற்றியது, இரண்டாம் பாதி மனிதர்களைப் பற்றியது. அந்தச் சாவடியில் சிறுபான்மையாக உள்ள பிறர்கூட அந்தக் கட்சிக்குப் போட்டிருக்கலாம். 1950இல் டபிள்யூ.எஸ். ராபின்சன் இதை அமெரிக்கக் கணக்கெடுப்பைக் கொண்டு காட்டினார். மாநிலம் மாநிலமாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. ஆள் ஆளாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறிவின்மை சற்று அதிகம். அவர்கள் குடியேறியது படிப்பறிவு மிகுந்த மாநிலங்களில் என்பதே காரணம். கருதுகோள் எந்த அலகில் இருக்கிறதோ அந்த அலகில் மட்டுமே முடிவு சொல்ல வேண்டும். நம் ஊர் அரசியல் பேச்சில் மனிதர்களைச் சாதி எண்ணிக்கையாகச் சுருக்கிவிடுவதை நாள்தோறும் பார்க்கிறோம். ஆய்வு படிக்கிறவர்கள் அதற்குத் துணைபோகக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

காரணத்தைத் தனியே பிரித்தெடுத்த ஓர் ஆய்வையும் தேடிப் படியுங்கள். மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளை, ஒதுக்கப்படாதவற்றோடு ஒப்பிட்டு ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004இல் வெளியிட்டது. எந்த ஊராட்சி ஒதுக்கீட்டில் வரும் என்பது தற்செயலாக அமைந்ததால், மற்ற எல்லாவற்றிலும் இருவகை ஊராட்சிகளும் ஒத்திருந்தன. பெண்கள் தலைமையேற்ற இடங்களில் குடிநீருக்கு அதிகம் செலவிடப்பட்டது. ஃபுளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பழுதான நம் மாவட்டங்களுக்கு, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை அதற்காகக் காத்திருந்த நம் பெண்களுக்கு, இது எங்கோ நடந்த ஆய்வாகத் தோன்றாது.

கோரிக்கையையும் கருதுகோளையும் கலக்காதீர்கள். 'மாங்காய்க்கு அரசு ஆதார விலை தர வேண்டும்' என்பது நியாயமான கோரிக்கை, நானும் ஆதரிக்கிறேன். சோதிக்கக்கூடியது வேறு: 'மாங்காய் விலை வீழ்ந்ததை அடுத்து வரும் தேர்தலில், மா சாகுபடி அதிகமுள்ள ஒன்றியங்களில் ஆளுங்கட்சியின் வாக்குச் சரிவு மற்ற ஒன்றியங்களைவிட அதிகமாக இருக்கும்.'

இன்மைக் கருதுகோளுக்குப் பயப்பட வேண்டாம். மாறிகளுக்கிடையே தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டு, கிடைத்த தரவு அந்த எண்ணத்தைத் தகர்க்கும் அளவுக்கு வலுவாக இருக்கிறதா என்று பார்ப்பது. தகர்க்காவிட்டால் நம் கருதுகோளுக்கு ஆதரவு கிடைக்கவில்லை என்று எழுத வேண்டும். அப்படி எழுதிய மாணவருக்கு நான் மதிப்பெண் குறைத்ததில்லை.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். தேர்தல் ஆணையம் வெளியிடும் படிவம் 20இல் ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த வாக்குகள் இருக்கும். ஊத்தங்கரைத் தொகுதிக்கான படிவத்தை எடுத்து, உங்களுக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து சாவடிகளை மட்டும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு சாவடி. பத்திகளில் மொத்த வாக்காளர், பதிவான வாக்கு, சதவீதம், நகரமா கிராமமா, பெரிய சாலையிலிருந்து தூரம். வாக்காளர் எண்ணிக்கையை அந்தந்தச் சாவடியின் வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வரிசைகள் அலகு, பத்திகள் மாறிகள். எந்த இரண்டு பத்திகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்த்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிறகு அதே வாக்கியத்தை, நீங்கள் இதுவரை பார்க்காத வேறு சாவடிகளில் வைத்துச் சோதியுங்கள். பார்த்த தரவிலேயே சோதித்தால் அது சோதனை ஆகாது.

தேர்வுத்தாளில் 'கருதுகோளின் பண்புகள் யாவை' என்று கேட்டால் பாடநூலில் உள்ளதை வரிசையாக எழுதிவிட்டு, ஒவ்வொரு பண்புக்கும் கீழே உங்கள் நோட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சேர்த்துவிடுங்கள்.