சண்டை இல்லாத நாளில் ஒத்திகை எதற்கு?

ராணுவ செவிலியர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தில் உயிர் தப்பிய குரூப் கேப்டன் வருண் சிங்கை வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாளே பெங்களூருக்கு மாற்றியது ஏன்? வெலிங்டனில் வசதி போதாதா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: அப்படி எண்ண வேண்டாம் ஐயா. ராணுவ மருத்துவம் படிப்படியாக நடப்பது. முதலில் சேர்க்கும் இடத்தின் வேலை, மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் நிலைநிறுத்தி, பயணத்தைத் தாங்கும் நிலைக்கு ஆளைக் கொண்டுவருவது. கடுமையான தீக்காயத்துக்கு வாரக்கணக்கில் தனிக் கவனிப்பு வேண்டும். அதற்குத்தான் பெங்களூரு விமானப்படை மருத்துவமனை. சிறிய மருத்துவமனை தன் படுக்கைகளை அடுத்து வருபவர்களுக்காகக் காலியாக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் இந்த முறைக்கு ஒரு காரணம். வருண் சிங் 2021 டிசம்பர் 15 அன்று இறந்தார். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

கேள்வி: என் மகன் ராணுவ மருத்துவமனையில் நர்சிங் அசிஸ்டன்ட். "காய்ச்சலும் முழங்கால் வலியும்தான் வருகிறது, இதில் ஒத்திகை வேறு" என்று சலித்துக்கொள்கிறான். சண்டை இல்லாதபோது ஒத்திகை எதற்கு மேடம்? (வாசகி, வேலூர்)

பதில்: ஒரே நேரத்தில் நாற்பது பேர் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள் அம்மா. முதல் வேலை வாசலில், அதுவும் மருந்தோடு சம்பந்தமில்லாத வேலை. அடிபட்ட சிப்பாயின் பையில் கையெறிகுண்டு இருக்கலாம். தலையில் அடிபட்டு நினைவு தடுமாறுபவர் துப்பாக்கியை விடமாட்டார். அதையெல்லாம் திறந்த வெளியிலேயே வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். நான் பார்த்த ஒத்திகைகளில் அதிகம் மறந்துபோனது இதுதான்.

அடுத்து, யாரை முதலில் எடுப்பது என்று பிரிப்பது. அனுபவம் மிகுந்தவர் ஆபரேஷன் தியேட்டரை விட்டுவிட்டு வாசலில் நிற்க வேண்டும். இளம் டாக்டர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. கத்துகிறவர் மூச்சு விடுகிறார். சத்தமில்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் குனிய வேண்டும். பெயரை நம்பவே கூடாது. ஒரே பட்டாலியனில் எத்தனை சிங், எத்தனை தாப்பா! மணிக்கட்டில் எண்ணைக் கட்டாவிட்டால் ஒருவருக்கான ரத்தம் இன்னொருவருக்கு ஏறிவிடும். யாரை உடனே வார்டிலிருந்து அனுப்பலாம் என்ற பட்டியலும் அன்றன்று காலையிலேயே தயாராக இருக்க வேண்டும். ஜெனரேட்டர், ஆக்சிஜன் சிலிண்டர், துணி வெட்டும் கத்தரிக்கோல் எல்லாம் அப்படித்தான்.

ஆனால் ஒத்திகையில் ரத்தம் வராது. உங்கள் மகனின் சலிப்பில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். போரில் கற்ற கைத்திறன் அமைதிக் காலத்தில் தேய்ந்து, அடுத்த போரின் முதல் காயம்பட்டவர்கள் அதற்கு விலை கொடுக்கிறார்கள். பிரிட்டிஷ் கடற்படை அறுவை மருத்துவர் அலஸ்டேர் வாக்கரின் பெயரால் இதை 'வாக்கர் சரிவு' என்கிறார்கள். 2001 முதல் 2011 வரை போர்க்களத்தில் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவமனையை அடையும் முன்பே இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பிழைக்க வாய்ப்பிருந்த காயங்களே இருந்தன. அவர்களில் பத்தில் ஒன்பது பேரைக் கொண்டுபோனது ரத்தப்போக்கு. கை காலில் ஓர் இறுக்குப் பட்டையை நேரத்துக்குப் போடத் தெரிந்த கைகள் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

அதனால்தான் டெக்சஸில் சான் அன்டோனியோவில் உள்ள புரூக் ராணுவ மருத்துவமனை, ஊர்மக்களின் சாலை விபத்துகளையும் துப்பாக்கிக் காயங்களையும் எடுத்துக்கொள்கிறது. 2017இல் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத் துப்பாக்கிச்சூட்டில் அடிபட்டவர்களில் சிலர் அங்கேதான் போனார்கள். பிரிட்டன் தன் ராணுவ மருத்துவமனைகளை மூடிவிட்டது. அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் பர்மிங்ஹாம் குயீன் எலிசபெத் போன்ற பொது மருத்துவமனைகளில் வேலை செய்கிறார்கள். மருத்துவமனைகளை மூடியது எனக்கு உடன்பாடில்லை, மருத்துவர்களை அங்கே அனுப்பியது சரி. நம் சாலைகளில் அடிபடுகிறவர்கள் கொஞ்சமா? நம் ராணுவ அறுவைக் குழுக்கள் பெரிய அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவில் முறைபோட்டு வேலை செய்ய வேண்டும். டாக்டர்கள் மட்டும் போதாது, உங்கள் மகனைப் போன்றவர்களும் போக வேண்டும். அடுத்த ஒத்திகையில் வாசல் வேலையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சலிப்பு போய்விடும்.

கேள்வி: ரத்தத்தை முன்கூட்டியே நிறையச் சேர்த்து வைத்துவிட்டால் என்ன? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: கெட்டுப்போகும் தம்பி. சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் அதிகபட்சம் 42 நாள் தாங்கும். தட்டணுக்கள் வழக்கமாக ஐந்தே நாள். ஒன்றிரண்டு பேருக்கே பத்துப் பதினைந்து பை போய்விடலாம். ஆகவே முகாமிலுள்ள வீரர்களின் ரத்த வகையையும் நோய்ப் பரிசோதனையையும் முன்பே பதிந்து வைத்து, தேவைப்பட்டதும் அழைப்பார்கள். 'நடமாடும் ரத்த வங்கி' என்று பெயர். அந்தப் பட்டியலை இடமாறுதல் ஒவ்வொன்றுக்கும் திருத்த வேண்டும். நீங்களும் அருகிலுள்ள அரசு ரத்த வங்கியில் பெயரும் எண்ணும் கொடுத்து வையுங்கள். எண் மாறினால் அங்கே தெரிவித்துவிடுங்கள்.