நூல் மில், சாயப்பட்டறை, நடுவில் நாம்: திருப்பூர் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: சாயம் போட்டு வந்த துணியில் குறுக்கே வரிவரியாகத் தெரிகிறது. மில்காரர் சாயப்பட்டறையைக் கை காட்டுகிறார், பட்டறைக்காரர் நூலைச் சொல்கிறார். யாரிடம் பணம் கேட்பது?

மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார், நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங்காரர். அவரை விட்டுவிட்டீர்களே! வெளிறிய வரியிலிருந்தும் அடர்ந்த வரியிலிருந்தும் ஒரே அகலத்துக்கு நூலை உருவி, நீட்டி அளந்து பாருங்கள். நீளம் வித்தியாசப்பட்டால் நிட்டிங் மெஷினில் நூலின் டென்ஷன் (இழுவிசை) கோளாறு. நீளம் ஒன்றாகவே இருந்தால் நூல் மேல் சந்தேகம் வலுக்கும். அப்போது நூல் சுற்றி வந்த கோன்களின் சீட்டுகளைத் தேடுங்கள். இரண்டு லாட் (தனித்தனித் தொகுதியாகத் தயாரான) நூலை ஒரே மெஷினில் ஏற்றியிருந்தால் மில்லைக் குறை சொல்ல முடியாது. பஞ்சுக் கலவை மாறினாலே சாயம் பிடிப்பது மாறும். சாயம் போடாத கிரே துணியில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒரே லாட்தான் என்றால் துணியையும் மீதி கோனையும் கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் சோதனைக்குக் கொடுத்து, ரிப்போர்ட்டோடு மில்லில் போய் உட்காருங்கள். அதுவரை கட்டிங் டேபிளுக்குத் துணி போகக் கூடாது. வெட்டிய துணிக்கு மில்லிடம் நஷ்டம் கேட்டு வாங்குவது குதிரைக்கொம்பு. இனிமேல் லாட்டுக்குச் சில கிலோ ஓட்டி, சாயம் போட்டுப் பார்த்துவிட்டு மீதியை ஓட்டுங்கள்.

கேள்வி: சாயப்பட்டறைக்கு எப்போதும் 90 நாளில்தான் கொடுப்பேன். அவரும் முகம் சுளித்ததில்லை. ஆடிட்டர் 45 நாள் என்று பயமுறுத்துகிறார்.

ஆடிட்டர் சொல்வது சரிதான். பட்டறை, மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிந்த குறு, சிறு நிறுவனம் என்றால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். 90 நாள் என்று இருவரும் கையெழுத்தே போட்டிருந்தாலும் செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் பிடி உண்டு: கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31-லும் நின்றால், அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது; பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். பையர் பணம் தாமதமாகத்தான் வரும் என்றால் பேங்கில் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதி ஆர்டரை முடிக்கத் தரும் கடன்) கேளுங்கள். பட்டறைக்காரரின் பணத்தில் ஆர்டர் ஓட்டுவது நியாயமில்லை. அவர் முகம் சுளிக்காமல் இருப்பதும் சும்மா இல்லை, பெரும்பாலும் அந்த வட்டி உங்கள் கிலோ ரேட்டிலேயே ஏறியிருக்கும்.

கேள்வி: சப்ளையர் பில் ஜிஎஸ்டி 2பி-யில் (நமக்குக் கிடைக்கும் வரி கிரெடிட்டைக் காட்டும் பட்டியல்) வரவில்லை. பணத்தை நிறுத்தலாமா?

முழுப் பணத்தையும் நிறுத்தாதீர்கள். வரித் தொகையை மட்டும், 2பி-யில் ஏறும்வரை வைத்துக்கொள்ளலாம். இதை ஆர்டரிலேயே எழுதிவிட்டால் சண்டை வராது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த வரி கிரெடிட்டை நீங்களே வட்டியோடு திருப்ப வேண்டியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே சாயப்பட்டறையில்தான் எல்லாம் போடுகிறேன். இன்னொருவரிடமும் கொடுத்தால் இவர் கோபித்துக்கொள்வாரா?

கொஞ்ச நாள் முறைப்பார். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடியபோது, வெளியூரில் ஆள் பழக்கம் இல்லாதவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். அவரிடமே நேராகச் சொல்லிவிட்டு, சின்ன ஆர்டர் ஒன்றை மற்றவருக்குக் கொடுங்கள். ஆனால் ஒரே ஆர்டரின் ஒரே ஷேடை இரண்டு இடத்துக்குப் பிரிக்காதீர்கள். உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று வந்து நிற்கும்.