நோயின் பெயரை எழுதுவதற்கு முன்: செவிலியர் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: “மயக்கமா இருக்கு” என்று வருபவரிடம் எங்கிருந்து விசாரிக்கத் தொடங்குவது? (ராயபுரம் மாணவி)

பதில்: நம் மக்கள் பேச்சில் ‘மயக்கம்’ என்ற ஒரே சொல் நான்கு நிலைகளைக் குறிக்கிறது: தலை சுற்றும் கிறுகிறுப்பு, கண் இருட்டிக்கொண்டு வருவது, நினைவு தப்பி விழுவது, உடம்பில் தெம்பில்லாமல் இருப்பது. நீங்கள் அவசரப்பட்டு ‘வெர்டிகோ’ (பெரும்பாலும் உட்காதுக் கோளாறால் வரும் தலைச்சுற்றல்) என்று எழுதிவிட்டால், அடுத்துப் பார்ப்பவரின் கவனம் முழுவதும் காதின் பக்கம் போய்விடும். ஆகவே நோயாளியின் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு, “சுத்துதாம்மா, கண்ணு இருட்டுதா, எப்போ வருது?” என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.

வடசென்னையில் நான் பார்த்த ஒரு மூதாட்டி, “பாயை விட்டு எழுந்திருக்கும்போதுதான் கண்ணு இருட்டுது” என்றார். 5 நிமிடம் படுக்கவைத்துப் பார்த்த இரத்த அழுத்தம், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண்ணில் 20க்கும் அதிகமாக இறங்கியது. அதற்கு முந்தைய வாரம்தான் அவருக்கு அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால் இத்தனை விசாரணைக்கும் முன்பாகக் குளுக்கோமீட்டரைக் கையில் எடுங்கள். இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: மழைக்காலத்தில் வரும் காய்ச்சல்கள் எல்லாமே ஒன்றுபோலத் தெரிகின்றனவே? (தாம்பரம் மாணவர்)

பதில்: முதல் இரண்டு நாட்களில் அவை உண்மையிலேயே ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் இன்று காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். டெங்கு வைரஸின் புரதத்தை இரத்தத்தில் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் 5 நாட்களில்தான் நன்றாகப் பயன்படும். அதன்பின் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனையே உதவும். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. “காய்ச்சல் விட்டுடுச்சு” என்று வீட்டார் நிம்மதியடையும் அந்த நேரத்தில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு, சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தேங்கிய மழைநீரில் நடந்தவரா என்று கேளுங்கள். கெண்டைக்கால் தசையை அழுத்தினால் வலிப்பதும் கண் சிவந்திருப்பதும் எலிக்காய்ச்சலை நினைவூட்ட வேண்டும். சிற்றுண்ணிக் கடியால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலை மட்டும் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது, பார்த்தே ஆக வேண்டும். சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு அக்குளிலோ, மார்பகத்தின் கீழோ, தொடையிடுக்கிலோ, பாவாடை நாடா இறுகும் இடுப்பு மடிப்பிலோ வலியில்லாமல் ஒளிந்திருக்கும். நோயாளிக்கே அது தெரிந்திருக்காது. திரையை இழுத்துவிட்டு, அனுமதி கேட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கூச்சத்தால் இந்த ஒரு நிமிடத்தைத் தவிர்க்காதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பொருக்கு இல்லாததாலேயே ஸ்க்ரப் டைபஸ் இல்லை என்றும் முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி: இருவர் அளந்தால் இரத்த அழுத்தம் இரு விதமாக வருகிறது. எதை நம்புவது? (பெரம்பூர் மாணவி)

பதில்: முறையாக அளந்ததை நம்புங்கள். படியேறி வந்தவரை 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்காரவைத்து, கையை இதய மட்டத்தில் தாங்கி, துணிக்கு மேலே அல்லாமல் வெறும் கையில் பட்டையைச் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

கேள்வி: நெஞ்சுவலியை “வாயு” என்று நோயாளியே சொல்லும்போது என்ன செய்வது? (சைதாப்பேட்டை மாணவர்)

பதில்: ‘வாயு’ என்பது அவருடைய அனுமானம், அதை நோயறிதலாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும், பெண்களிடமும், முதியவர்களிடமும் மாரடைப்பு மேல்வயிற்று எரிச்சலாகவோ, மூச்சுத்திணறலாகவோ, வியர்த்துக் கொட்டும் களைப்பாகவோ மட்டும் வரக்கூடும். வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் ஈசிஜி இயல்பாக இருந்தும் வலி தொடர்ந்தால், அவரை வீட்டுக்கு அனுப்பாமல் மீண்டும் எடுங்கள். வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மருந்தைக் குடித்ததும் வலி குறைந்தது என்பதை வைத்து இதயம் நலம் என்று எழுதிவிடாதீர்கள்.