அரிசிக் கணக்கின் கடைசி 5

கேள்வி: சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாக அரிசி வைத்தால், 64 கட்டத்துக்கும் சேர்த்து 18446744073709551615 அரிசி வேண்டும் என்கிறார்கள். கால்குலேட்டரில்கூட முழுதாக வராத எண். என் மகள் இதை மனப்பாடம் செய்கிறாள். 'ரொம்பப் பெரிசு' என்பதைத் தாண்டி இதில் என்ன இருக்கிறது?

பதில்: மனப்பாடத்தை நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணை விட்டுவிடச் சொல்லாதீர்கள்!

கால்குலேட்டர் 1.8446744 என்று காட்டி, பக்கத்தில் 10-இன் 19-ஆம் அடுக்கைப் போட்டுவிட்டு நின்றுவிடும். கடைசி 5 அதில் காணாமல் போகிறது. ஆனால் எண்ணின் குணம் அந்த 5-இலிருந்துதான் தெரிய ஆரம்பிக்கிறது. 5-இல் முடிவதால் 5-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87; அதனால் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. இருபது இலக்க எண்ணைப் பற்றி ஒரு நிமிடத்தில் இவ்வளவு தெரிந்துவிட்டது.

அப்புறம், இது 2⁶⁴-இல் ஒன்று குறைவு. பள்ளியில் படித்த அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ) சூத்திரம் போதும். முதலில் 2³² + 1, 2³² − 1 என்று பிரியும். பின்னதை மறுபடி பிரிக்கலாம், அதில் பின்னதை மறுபடியும். கடைசியில் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று ஆறு எண்களின் பெருக்கமாக வந்து நிற்கும்.

2-இன் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாகும் அடுக்குகளோடு 1 கூட்டினால் வருபவை இவை; இப்படி வரும் எண்களுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பியர் டி ஃபெர்மா, இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று நம்பினார். முதல் ஐந்துக்கு அது சரி. ஆறாவதை 1732-இல் கணித மேதை ஆய்லர் உடைத்தார்: 641 × 6700417.

நீண்ட வகுத்தல் இல்லாமலே இதைச் சரிபார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴. முதலாவதன்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்குப் பதில் −1 போட்டுக்கொள்ளலாம். இரண்டையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-க்குப் பதில் 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். ஆக −2³²-க்குப் பதில் 1 வருகிறது; அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடுகிறது. முடிந்தது. நான்கு வரி!

6700417-உம் பகா எண்தான். ஆக அரிசிக் கணக்கில் இருப்பவை ஏழு வெவ்வேறு பகா எண்கள். ஒரு காரணியில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம்; அதனால் காரணிகள் மொத்தம் 2⁷, அதாவது 128. 64 பிட் கணினி, குறை எண்ணுக்கு இடம் ஒதுக்காமல் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் இதே எண்தான்.

65537-க்குப் பிறகு ஃபெர்மா வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை. இனிமேல் கிடைக்கவே கிடைக்காது என்று நிரூபித்தவரும் இல்லை. மகளிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, 3-இலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.