நெல்லையிலிருந்து விமானம்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, வாகைக்குளத்தில் (தூத்துக்குடி விமான நிலையம்) ஏறினால் சென்னைக்கு எவ்வளவு நேரம்? ரயிலை விட லாபமா?

வான்வழியில் சுமார் 530 கி.மீ. ரயில் மதுரை, திருச்சி என்று வளைந்து போவதால் 650 கி.மீ. ஆகிறது. ஏடிஆர் என்கிற சின்ன விசிறி விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஆனால் கணக்கை வீட்டு வாசலிலிருந்து தொடங்குங்கள். வாகைக்குளம் போக முக்கால் மணி நேரம், அங்கே காத்திருக்க ஒன்றரை மணி நேரம், மீனம்பாக்கத்தில் பெட்டி எடுத்து வெளியே வந்து ஊருக்குள் போக இன்னும் ஒன்றரை. ஆக ஐந்து மணி நேரத்துக்கு மேல். வந்தே பாரத்துக்கு எட்டு மணி நேரம். தாம்பரம் பக்கம் வேலை என்றால், ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்துத் தூங்கிக்கொண்டே போய் இறங்குவதுதான் என் கட்சி.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: ஏன் சின்ன விமானமாகவே வருகிறது?

வாகைக்குளத்தில் ஓடுபாதை 1,350 மீட்டர்தான் இருந்தது. ஜெட் இறங்க அது பத்தாது. இப்போது 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். புது முனையமும் 2025 ஜூலையில் திறந்தாயிற்று.

மேலப்பாளையத்திலிருந்து: அம்மாவை முதல் தடவையாகத் துபாய்க்கு அனுப்புகிறேன். திருவனந்தபுரத்தில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு 12.45க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. இரண்டே முக்கால் மணி நேரம்தானா?

இல்லை. புறப்படும் நேரம் நம் ஊர்க் கணக்கு, இறங்கும் நேரம் துபாய்க் கணக்கு. துபாய் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அவர்கள் இறங்கும்போது இங்கே மணி 2.15. ஆகப் பயணம் நாலேகால் மணி நேரம், தூரம் ஏறக்குறைய 2,950 கி.மீ. அதிலும் முழுக்கப் பறப்பதில்லை. விமானம் இங்கே நிற்கிற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை சேர்த்துத்தான் டிக்கெட்டில் போடுவார்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை உண்டென்றால் அதைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வானத்தில்தான் இருப்பார்கள். அதனால் சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும். துபாய் மணியைப் பார்த்து மாத்திரையைத் தள்ளிப் போட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் ஏன்?

காற்றுதான். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், குறிப்பாகக் குளிர்காலத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசும். மேற்கே போய்த் திரும்பி வரும்போது அது பின்னாலிருந்து தள்ளும். லண்டன் போன்ற நெடும்பயணங்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கடையநல்லூரிலிருந்து: அண்ணாச்சி, எங்களுக்குத் திருவனந்தபுரம் போக எந்த வழி நல்லது?

செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வழிதான் கிட்டம். நாகர்கோவில் போய்ச் சுற்ற வேண்டாம். ஆனால் ஜூன், ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும், வளைவுகளில் லாரிகள் ஊர்ந்து போகும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஒரு மணி நேரம் சேர்த்துக் கிளம்பிவிடுங்கள்.