‘செட்’டுக்கு ஒரே தமிழ்ச் சொல் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ‘செட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘அமைத்தல்’ என்று எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். பரீட்சையில் ‘தி சன் செட்டட்’ என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. பிள்ளைகள் நினைவில் வைக்க ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லக் கூடாதா?
– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கூடாதம்மா. சொன்னால் உங்கள் மகளுக்கு நான் கெடுதல் செய்தவனாவேன். 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு இந்த ஒரு வினைச்சொல்லுக்குச் சுமார் 430 பொருள்கள் தருகிறது. விளக்கம் மட்டும் ஏறத்தாழ 60,000 சொற்கள். அதை ‘அமைத்தல்’ என்ற ஒன்றுக்குள் அடைத்தால், ‘சூரியன் அமைத்தது’ என்றுதான் குழந்தை புரிந்துகொள்ளும்.

மனப்பாடத்தை விடுங்கள், வேரைக் காட்டுங்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இது கஷ்டமே இல்லை. அமர் – அமர்த்து, கிட – கிடத்து, வீழ் – வீழ்த்து என்று நம்மிடம் தன்வினையும் பிறவினையும் ஜோடி ஜோடியாக இருக்கின்றன அல்லவா? பழைய ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘சிட்’ என்றால் உட்கார்; ‘செட்’ என்றால் உட்கார வை. ‘லை – லே’ (கிட – கிடத்து), ‘ஃபால் – ஃபெல்’ (வீழ் – வீழ்த்து) எல்லாம் இதே வகை ஜோடிகள். ஒரு பொருளை அதன் இடத்தில் உட்கார வைப்பது, இதுதான் ‘செட்’டின் அடி. அலாரத்தை ஐந்து மணியில் உட்கார வைக்கிறோம். காசிமேட்டுக்காரர் வலை விடுவதை ஆங்கிலத்தில் ‘செட் எ நெட்’ என்பார்கள். வியாசர்பாடிப் பையன்களைக் கேளுங்கள், கால்பந்தில் ‘செட் பீஸ்’ என்றால் என்னவென்று சொல்வார்கள். ஃப்ரீ கிக், கார்னர் – பந்து அசையாமல் ஓரிடத்தில் வைக்கப்பட்டு, ஆட்கள் அவரவர் இடத்தில் நின்று, அப்புறம்தான் உதை.

பிறகு அந்த வினை தானாகவே உட்காரவும் ஆரம்பித்தது. வீட்டில் சிமென்ட் பூசியிருக்கிறீர்களா? பூசி முடித்த கொத்தனார், ‘செட் ஆகட்டும், யாரும் கை வைக்காதீங்க’ என்பார். சொல்லியும் கேட்காமல் ஒரு குழந்தை விரலை வைக்கும், பள்ளம் விழும். சாயங்காலம் அதே இடத்தில் அழுத்தினால் விரல்தான் வலிக்கும். இளகிக் கிடந்தது நிலைகொண்டுவிட்டது, அதுதான் ‘செட்’. உறை ஊற்றிய பால் தயிராக உறைவதும் அதே. நம் பக்கம் கடலில் எழும் சூரியன் பெரம்பூர்ப் பக்கம் போய் அடைவதும் அதே. மகளை மாலையில் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் அதைக் காட்டிச் சொல்லுங்கள், மறக்க மாட்டாள்.

எம்.சி. ரோட்டில் ‘பாவாடை சட்டை செட் எவ்வளவு?’ என்று கேட்கிறீர்களே, அந்தச் செட்டின் கதை வேறு. அது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவர் பின்னால் போகும் கூட்டம் என்பது அதன் பழைய பொருள். பிறப்பால் வேறான இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தும் ஒரே ஒலியுமாகிவிட்டன. மைக் செட், பம்ப் செட், ‘நம்ம செட்டு பசங்க’ எல்லாம் இந்தக் கூட்டத்துச் செட்.

உண்மையில் ஆளைத் தடுமாற வைப்பது ‘செட்’ என்ற வினையுடன் ஒட்டும் சின்னச் சொற்கள்தான். மழை பிடித்துக்கொண்டது என்கிறோமே, அது ‘செட் இன்’. பயணம் கிளம்பினாலும், பட்டாசைக் கொளுத்தி வெடித்தாலும் ‘செட் ஆஃப்’. ‘செட் அசைட்’ என்பதை மட்டும் கவனமாகக் கற்றுக்கொடுங்கள். வீட்டுச் செலவில் பள்ளிக் கட்டணத்துக்கு 500 ரூபாய் எடுத்து வைத்தால் அது ‘செட் அசைட்’. பாரிமுனை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவை ‘செட் அசைட்’ செய்தது என்றால், அப்புறம் பார்க்கலாம் என்று எடுத்து வைத்ததாக அர்த்தமில்லை. அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. கையில் தீர்ப்பு நகலை வைத்துக்கொண்டு, வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று நினைத்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒரே தமிழ்ச் சொல் கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இன்னொன்று. ‘அந்த வேலை எனக்கு செட் ஆகல’ என்பது முழுக்க நம் தமிழ். அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் வெளியூர்க்காரருக்குப் புரியாது. அங்கே ‘சூட்’ என்ற சொல்லைப் போட வேண்டும்.

சரி, ‘செட்டட்’டுக்கு வருவோம். அப்படி ஒரு வடிவமே இல்லை. நேற்றும் ‘செட்’, இன்றும் ‘செட்’. கட், புட், ஹிட், ஷட் எல்லாம் அப்படித்தான். ‘தி சன் செட்’ என்று எழுதினாலே சூரியன் மறைந்தது என்று ஆகிவிடும். நோட்டில் ‘செட் = அமைத்தல்’ என்று எழுதியிருக்கும் வரியை அடித்துவிட்டு, அலாரம், சிமென்ட், சூரியன், மழை என நான்கு முழு வாக்கியங்களை அவளையே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அனுப்பினால் நானே திருத்தித் தருகிறேன்.